பின்னால் வருகிறவர் எங்கே?



மும்பையில் குடியிருக்கிற நமக்கு வெற்றிடம் என்பது அபூர்வமான பொருள். தாராவியின் சந்துகளில் எதிரே ஒருவர் வந்தால், சுவரோடு ஒட்டி நின்று வழிவிடவேண்டும். மாட்டுங்கா சந்தையில் பூக்கூடைகளுக்கும் வாழையிலைக் கட்டுகளுக்கும் நடுவே உடம்பைத் திருப்பிக்கொண்டுதான் நடக்கமுடியும். செம்பூர் நாக்காவில் சிக்னல் விழுந்தால், நம்முடைய வண்டியின் கைப்பிடி அடுத்தவருடைய முழங்கையில் இடிக்கும். இப்படிப்பட்ட ஊரிலிருந்து புறப்பட்ட நாங்கள் ஏழு பேர், சென்ற ஜனவரி மாதத்தில், மரமும் கூரையும் மனிதரும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தென்படாத நிலத்தில் மோட்டார் சைக்கிள்களை ஓட்டிச் சென்றோம். அந்தப் பயணத்தின் நான்காம் நாள் காலையில் வண்டிகளை நிறுத்தி எண்ணிப் பார்த்தபோது ஆறு பேர்தான் இருந்தோம். ஏழாவது சகோதரரைத் தவறவிட்டவன் நான். அதை மறைக்காமல் சொல்லவேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

எதற்காகப் போனோம்?

ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் எழுந்த பேச்சு இது. தாராவியில் தோல் பை தைக்கிற தம்பி ஒருவர். விடியுமுன் இட்லி அவித்து விற்கும் குடும்பத்து வாலிபர் ஒருவர். மாட்டுங்காவில் பாத்திரக்கடையில் கணக்கு எழுதுகிறவர். செம்பூரில் இருசக்கர வாகனங்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். மாகுல் பக்கத்தில் ஒப்பந்த வேலை செய்யும் உடன்பிறந்த சகோதரர் இருவர். ஏழாவதாக, ஐம்பத்தைந்து வயதிலும் பழைய புல்லட்டை விற்க மனமில்லாத நான். வேதாகமக் கல்லூரியை முடித்துவிட்டுத் தென்மாவட்டக் கிராமங்களில் ஊழியம் செய்த நாட்களில் பழகிய வண்டி ஓட்டம் அது.

2024-ஆம் ஆண்டில் தாராவியில் வீடு வீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியதை நீங்கள் அறிவீர்கள். அதுமுதல் எங்கள் மக்களுக்குள்ளே வேறு பேச்சு இல்லை. யாருக்கு இங்கேயே வீடு, யாருக்குத் தொலைவில் வீடு, வாடகைக்கு இருப்பவருக்கு என்ன என்பதே கேள்வி. தோல் பை தைக்கிற தம்பி இருப்பது மேல்மாடியில் வாடகை அறை. அவர்தான் அன்றைக்குச் சொன்னார்: “எல்லாரும் ஆளுக்கொரு பக்கமாப் போறதுக்கு முந்தி, ஒரு தடவையாவது சேர்ந்து எங்கேயாவது போயிட்டு வருவோம் ஐயா.”

மெக்கானிக் தம்பி கட்ச் நாட்டைக் குறிப்பிட்டார். அது நமக்கு முற்றிலும் அந்நியமான பெயர் அல்ல. மாட்டுங்காவில் எத்தனையோ கட்ச் வணிகர்களிடம் நாம் பொருள் வாங்குகிறோம். தாராவியின் கும்பார்வாடாவில் சூளை வைக்கிற குயவர்களுடைய முன்னோர், கட்ச்சை அடுத்த சௌராஷ்டிரத்திலிருந்து வந்தவர்கள். நாம் நெல்லையையும் தூத்துக்குடியையும் விட்டு வந்ததுபோல அவர்களும் ஊரை விட்டு வந்தவர்கள். அடுத்த தெருக்காரருடைய சொந்த ஊரை ஒருமுறை பார்ப்போம் என்று தீர்மானித்தோம்.

ரயிலேறிய வண்டிகள்

மும்பையிலிருந்து கட்ச்சின் தலைநகரான புஜ் நகருக்குச் சாலை வழியாக ஏறக்குறைய 900 கிலோமீட்டர். விடுமுறை நாட்கள் குறைவாக இருந்தபடியால், பாந்த்ரா டெர்மினஸ் நிலையத்தில் வண்டிகளைப் பார்சலாக ரயிலில் ஏற்றினோம். ஆர்.சி. புத்தகத்தின் நகல், இன்ஷூரன்ஸ் நகல், அடையாள அட்டை ஆகியவை வேண்டும். டாங்கிலிருக்கும் பெட்ரோலை ஒரு சொட்டும் விடாமல் இறக்கிவிட வேண்டும். விளக்கு, கைப்பிடி, டாங்க் ஆகியவற்றைச் சாக்குத்துணியால் சுற்றி, பெயரும் போய்ச்சேரும் ஊரும் தெளிவாக எழுதிய அட்டையைக் கட்டவேண்டும். வண்டி நம்முடனே வந்து சேரும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு நாள் முன்னதாகவே அனுப்பிவிடுவது நலம்.

இரவு முழுவதும் ரயிலில் வாலிபர்களுடைய பேச்சு பாலைவனப் பந்தயங்களைப் பற்றியே இருந்தது. 1977-இல் பிரெஞ்சுக்காரரான தியரி சபீன் என்பவர் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் மோட்டார் சைக்கிளோடு வழிதவறி, உயிருக்குப் போராடி, மீட்கப்பட்டாராம். அவர்தான் மறு ஆண்டின் டிசம்பரில் பாரிஸ்–டக்கார் பந்தயத்தைத் தொடங்கினவர். அந்த டக்கார் பந்தயத்தில் 2024-ஆம் ஆண்டு, நம்முடைய ஓசூர் டி.வி.எஸ். நிறுவனத்தின் ஆதரவோடு ஓடிய கேரளத்து வாலிபர் ஹரித் நோவா, தம்முடைய பிரிவில் முதலிடம் பெற்றார். அப்பொழுது பந்தயம் சவூதி அரேபியாவின் மணல்வெளியில் நடந்தது. வாலிபர்கள் வெற்றியைப் பேசினார்கள். எனக்கோ வழிதவறின மனிதருடைய நினைவே மனதில் நின்றது.

கடலும் அல்ல, கரையும் அல்ல

புஜ் நகரிலே ஜனவரி 26-ஆம் தேதியை ஒருவரும் குடியரசு நாளாக மாத்திரம் நினைப்பதில்லை. 2001-ஆம் ஆண்டு அந்த நாளின் காலையில் வந்த நிலநடுக்கம் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. புஜ்ஜைத் தாண்டி வடக்கே போனால் பன்னி என்னும் புல்வெளி வருகிறது. அங்கே எருமை மேய்க்கிற மக்கள் ‘பூங்கா’ என்று அழைக்கும் வட்டமான மண்வீடுகளில் வாழ்கிறார்கள். பெரிய கான்கிரீட் கட்டடங்கள் இடிந்த அந்த நிலநடுக்கத்தில், இவ்வட்ட வீடுகளில் பல அசையாமல் நின்றன.

பன்னியிலே நமக்குப் பழக்கமான ஒரு முகத்தைக் கண்டோம். நம் ஊர்க் கண்மாய்களை எல்லாம் பிடித்துக்கொண்டிருக்கிற சீமைக் கருவேலம்தான் அது! 1960-களில் உப்பு நிலம் பரவாமல் தடுப்பதற்காக நடப்பட்டதாம். இப்பொழுது புல்லையே விழுங்கிவருகிறது. அங்குள்ளோர் அதைப் ‘பைத்தியக் கருவேலம்’ என்ற பொருளில் ‘காண்டா பாவள்’ என்கிறார்கள். அதன் முள்ளினால் முதல் நாளிலேயே மூன்று பஞ்சர்.

அதற்கும் வடக்கே இருப்பது ரண். இதை மணற்காடு என்று எண்ணாதீர்கள். திருச்செந்தூர், உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டின் செம்மணலில் நடந்து பழகிய நமக்கு, பாலை என்றால் மணல் என்றே தோன்றும். ரண் அப்படிப்பட்டதல்ல. மழைக்காலத்தில் கடல்நீரும் ஆற்றுநீரும் ஏறி, இது ஆழமில்லாத ஏரியாகிவிடும். மழை ஓய்ந்தபின் வெயில் அந்த நீரை உறிஞ்ச, உப்பு மாத்திரம் வெள்ளைத் தோலாக மேலே படியும். அந்தத் தோலின்கீழே சேறு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒன்றே. இதை மறக்கவேண்டாம், பின்னால் இதற்குத் திரும்ப வருவோம்.

காவ்டாவுக்கும் காதிர் தீவுக்கும் நடுவே, ரண்ணின் குறுக்காக இப்பொழுது நேரான சாலை ஒன்று இருக்கிறது. இருபுறமும் வெண்மை, மேலே நீலம், நடுவே கறுத்த கோடு. முன்பு இந்தப் பயணத்திற்கு பச்சாவு, ராப்பர் வழியாக 200 கிலோமீட்டருக்குமேல் சுற்றவேண்டும். அந்தச் சாலையின் மறுமுனையில் தோலாவிரா என்னும் பூர்வகால நகரம் இருக்கிறது. நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மக்கள் செழித்து வாழ்ந்தார்கள். 2021-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆண்டில் சில நாட்களே ஓடுகிற இரண்டு ஓடைகளை அணைகட்டித் திருப்பி, பாறையைக் குடைந்து, படிக்கட்டுகளோடு பெரிய நீர்த்தொட்டிகளை அமைத்திருக்கிறார்கள். இட்லி விற்கும் வாலிபர் ஒரு தொட்டியின் விளிம்பில் வெகுநேரம் நின்றார். “நம்ம குழாயில ரெண்டு மணி நேரந்தான் தண்ணி வருது. இவங்க ஒரு வருஷத்துக்குச் சேர்த்து வச்சிருக்காங்க” என்றார். குடத்தை வரிசையில் வைத்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பழைய நகரத்தின் அருமை வழிகாட்டிப் பலகை இல்லாமலே விளங்கிற்று.

மூன்று விதிகள்

மூன்றாம் நாள் ராப்பர், சாந்தல்பூர், ராதன்பூர் வழியாக ஒரு முழுப்பகல் ஓட்டி, சிறிய ரண்ணின் ஓரத்திலுள்ள தசாடா பகுதிக்கு வந்து சேர்ந்தோம். இந்தச் சிறிய ரண் காட்டுக்கழுதைகளின் சரணாலயம். ஏறக்குறைய 5,000 சதுர கிலோமீட்டர். வனத்துறை அனுமதி பெற்று, உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடு மாத்திரமே உள்ளே இறங்கினோம்.

எங்களுக்கு மெக்கானிக் தம்பி முதல் நாளிலேயே மூன்று விதிகளை வைத்திருந்தார். பகலிலும் முகப்பு விளக்கு எரியவேண்டும். முன்வண்டியின் புழுதி அடங்குகிற அளவுக்கு இடைவெளி விடவேண்டும். ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வருகிற விளக்கைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வரவேண்டும். விளக்கு தெரியாவிட்டால் நின்றுவிடவேண்டும். பின்னால் ஒருவர் நின்றால் அவருக்கு முன்னால் போகிறவர் நிற்பார். அவர் நிற்க, அடுத்தவர் நிற்பார். இப்படியே முதல் வண்டிவரைக்கும் செய்தி போய்விடும். செல்போன் கோபுரம் இல்லாத இடத்தில் இதைவிடச் சிறந்த தந்தி இல்லை.

மூன்று நாட்களும் மெக்கானிக்கே கருவிப்பையோடு கடைசியாக வந்தார். நான்காம் நாள் வழிகாட்டியினுடைய பழைய வண்டியின் செயின் அடிக்கடி கழன்றபடியால், அவருக்கு உதவியாக இவர் முன்னே போகவேண்டியதாயிற்று. “கடைசியில் நான் வருகிறேன், கவலைப்படாதே” என்று சொன்னவன் நான். எனக்கு முன்னே போனவர் தோல் பை தைக்கிற தம்பி. அவருடையது 100 சி.சி. வண்டி, எங்கள் வண்டிகளில் மிகவும் மெதுவானது.

அரைமணி நேரம் ஒழுங்காகப் போனோம். அப்பொழுது வலப்பக்கத்தில் காட்டுக்கழுதைகளின் கூட்டம் ஒன்று எழுந்து ஓடிற்று. சந்தன நிற உடம்பு, முதுகிலே கறுத்த கோடு, குதிரையைப்போன்ற ஓட்டம். 2024-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அவை 7,672 என்று எண்ணப்பட்டன. யோபின் புத்தகத்திலே காட்டுக்கழுதையைப்பற்றி வருகிற பகுதியை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். கண்ணால் கண்டதோ அன்றைக்குத்தான். சிறுபிள்ளையைப்போல ஆக்சிலேட்டரை முறுக்கினேன். மெதுவாகப் போய்க்கொண்டிருந்த தம்பியை முந்தினேன். அதற்குமேல் நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

ஏறக்குறைய இருபது நிமிடங்களுக்குப்பின் வழிகாட்டி நின்றார். மெக்கானிக் தம்பி எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பின்பு என்னைப் பார்த்து, “ஐயா, நீங்க தானே கடைசி?” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். தொலைவில் தண்ணீர் மின்னுவதுபோல் கானல் நெளிந்துகொண்டிருந்தது. பழைய தமிழில் இதற்குப் பேய்த்தேர் என்று பெயர். அதன் நடுவில் ஒரு விளக்கும் இல்லை.

தேடல்

எல்லாரும் நாலாபக்கமும் ஓடித் தேடவேண்டும் என்றுதான் எங்களுக்குத் தோன்றிற்று. வழிகாட்டி அதற்கு இடங்கொடுக்கவில்லை. ஒருவரைத் தேடப்போய் நால்வரைத் தேடவேண்டியதாகும் என்றார். மற்றவர்கள் விளக்கை எரியவிட்டு, இருந்த இடத்திலேயே நிற்கவேண்டும். அவரும் மெக்கானிக்கும் மாத்திரம் வந்த தடத்திலேயே திரும்பிப்போவார்கள். நானும் வருவேன் என்றேன். சற்று யோசித்து, என்னுடைய வண்டியை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் ஏறிக்கொள்ளச் சொன்னார்.

வெடித்த களிமண் தரையில் டயரின் தடம் எளிதில் தெரியாது. வழிகாட்டி சில இடங்களில் இறங்கி நடந்தார். ஓரிடத்தில் எங்கள் தடத்தைவிட்டு ஒரு மெல்லிய கோடு தனியே விலகிப்போனது. அதைப் பின்தொடர்ந்தோம். சிறிது தூரத்தில் உப்புத்தோல் உடைந்து, பின்சக்கரம் அச்சுவரை சேற்றில் புதைந்த வண்டியைக் கண்டோம். ஆள் இல்லை.

அந்த வேளையில் என் உள்ளம் இருந்த நிலையை நான் எழுதவேண்டியதில்லை. அவருடைய தாயார் தாராவியில் எந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

சேற்றிலே ஒரு கால் ஊன்றியும் ஒரு கால் இழுத்தும் போன அடிகள் இருந்தன. அவை போன திசையில் சூரியசக்தித் தகடு ஒன்று பளபளத்தது. அது அகரியா என்னப்பட்ட உப்புத் தொழிலாளரின் குடிசை. மழை முடிந்ததும் குடும்பத்தோடு ரண்ணுக்குள் வந்து, கிணறு தோண்டி, கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பான ஊற்றுநீரைப் பாத்திகளில் பாய்ச்சி, கோடை தொடங்கும்வரை உப்பு விளைவிக்கிற மக்கள் இவர்கள். முன்பு டீசல் பம்புகள் ஓடின. இப்பொழுது பலருக்குச் சூரியசக்திப் பம்புகள். இந்தியாவின் உப்பில் மிகப் பெரிய பங்கு குஜராத்திலிருந்து வருகிறது. அடுத்த இடம் நம் தமிழ்நாட்டுக்கு. தூத்துக்குடி உப்பளத்தில் வேலைசெய்த உறவினர் நம்மில் பலருக்கு உண்டல்லவா? வெடித்த பாதங்களையும் கூசும் கண்களையும் நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

தம்பி குடிசையின் நிழலில் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது, அந்த வீட்டம்மாள் ஈரத்துணி சுற்றிக் கட்டியிருந்தார்கள். அவர் கையிலே ஒரு தண்ணீர் கேன் இருந்தது. அது என்னுடைய கேன். நான் வேகமாக முந்திப்போனபோது என் வண்டியிலிருந்து அவிழ்ந்து விழுந்திருக்கிறது. அதை எடுப்பதற்காக அவர் நின்றார். ஹாரன் அடித்தும் எனக்குக் கேட்கவில்லை. மறுபடியும் எங்களைப் பிடித்துவிடலாம் என்று குறுக்கே போனார், உப்புத்தோல் உடைந்தது. கேனும் விழுந்த வேகத்தில் விரிசல்விட்டு, ஒரு துளியும் இல்லாமல் ஒழுகிப்போயிருந்தது.

அவர் குடித்தது அந்த வீட்டுத் தண்ணீரை. அது அங்கே ஊறுகிற தண்ணீர் அல்ல. வெளியிலிருந்து டாங்கர் வந்து ஊற்றினால்தான் உண்டு. ஒரு பிளாஸ்டிக் பீப்பாயைக் கொண்டே குளியலும் சமையலும் தாகமும் தீரவேண்டும். அதிலிருந்து எங்கள் எல்லாருக்கும் கொடுத்தார்கள். பாலில்லாத தேநீரும் கொடுத்தார்கள். குடிசையிலிருந்த ஆண்கள் சாக்குகளையும் உப்பு வாரும் பலகையையும் கொண்டுவந்து, வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, குழியிலே சாக்கைத் திணித்து, நிமிர்த்திப் பலகையின்மேல் ஏற்றினார்கள். பணத்தை நீட்டியபோது அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ‘பென்’ என்று குஜராத்தி முறையில் சகோதரியாக அழைத்துக் கைகூப்புவதைத் தவிர எங்களால் வேறொன்றும் செய்யக்கூடவில்லை.

அன்றிரவு எல்லாருக்கும் முன்பாக அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, “பின்னால நீங்க வர்றீங்கன்னு நெனச்சுத்தான் ஐயா தைரியமா நின்னேன்” என்றார். அவர் குற்றப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் முப்பது ஆண்டு ஊழியத்தில் இதைவிடக் கூர்மையான வார்த்தை என்னிடத்தில் பேசப்பட்டதில்லை.

போகிறவர்களுக்குச் சில சொற்கள்

உங்களில் யாராவது நண்பர்களோடு இப்படிப் போக விரும்பினால், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள மாதங்களே ஏற்றவை. இரவில் கடுங்குளிர் உண்டு. எல்லைப்பகுதியானதால் அடையாள அட்டை எப்பொழுதும் கையிலிருக்கட்டும்; வெள்ளை ரண்ணுக்கு அனுமதிச் சீட்டும், சரணாலயத்துக்கு வனத்துறை அனுமதியும் வேண்டும். தடமில்லாத இடத்தில் பின்சக்கரத்தின் காற்றை 30-லிருந்து 20 அளவுக்குக் குறையுங்கள். அதற்கும் கீழே போனால் ட்யூப் நழுவி வால்வு கிழியும். கைப்பம்பு, இரண்டு ட்யூப், கிளட்ச் கேபிள், பஞ்சர் ஒட்டும் பொருட்கள் இல்லாமல் இறங்கவேண்டாம். ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் எடுங்கள். அதை ஒன்றுக்கு இரண்டு கயிறாகக் கட்டுங்கள். வீடு திரும்பியதும் வண்டியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்பு இரும்பைத் தின்றுவிடும். எல்லாவற்றிலும் மேலாக, கடைசி வண்டி அனுபவமுள்ளவருடையதாக இருக்கட்டும். அவர் எதைக் கண்டாலும் தம் இடத்தை விட்டு முன்னே போகாதவராகவும் இருக்கவேண்டும்.

பிரியமானவர்களே, நாங்கள் திரும்பிவந்து சில மாதங்களாயின. தம்பியின் கால் குணமாகிவிட்டது. எழுவரில் இருவர் இதற்குள் வீடு மாறிவிட்டார்கள். ஒருவர் கல்யாணையும் தாண்டிக் குடிபோயிருக்கிறார். இப்பொழுது எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, அதிகத் தூரத்தில் இருக்கிறவருக்கு நான் முதலாவது தொலைபேசியில் பேசுவேன். அவர் அடுத்தவருக்குப் பேசுவார். இப்படியே ஏழாவது ஆள்வரைக்கும் போகும். யாராவது எடுக்கவில்லையென்றால் அங்கேயே நின்று விசாரிப்போம்.

விரிசல்விட்ட அந்தக் கேனை நான் எறிந்துவிடவில்லை. என் புல்லட்டின் பக்கத்தில், சுவரிலுள்ள ஆணியில் தொங்குகிறது. வண்டியை எடுக்கும் ஒவ்வொரு காலையிலும் அதைப் பார்க்கிறேன்; பின்பு கண்ணாடியைச் சரிசெய்துகொள்கிறேன்.

உங்களுக்குப் பின்னால் வருகிறவர் யார்? இன்றைக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.